சொல் இல்லாத பாட்டு: நிகுன் சேர்ந்து பாடப் பழகுவது எப்படி

நிகுன் என்றால் எபிரேய மொழியில் மெட்டு. பன்மையில் நிகுனிம். ஹசிதிம் எனப்படும் யூத பக்தி மரபினர் இந்தச் சொல்லைச் சொன்னால், பெரும்பாலும் சொற்களே இல்லாமல் பாடும் மெட்டுகளைத்தான் குறிக்கிறார்கள். "யா-ப-பம்", "ஆய்-யாய்-யாய்", "பிம்-பம்" போன்ற அசைகள் மட்டும் வாயில் வரும். மேசையைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்து, ஒரே மெட்டைக் கால் மணி நேரம், சில சமயம் அரை மணி நேரம்கூடத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். கேட்பதற்கென்று தனியாக யாரும் இருக்கமாட்டார்கள். அறையில் இருக்கிற எல்லாரும் பாடுகிறவர்கள்தான்.

முறையாகப் பாட்டு கற்காதவர்கள், யூத மரபைப் பற்றி அதிகம் தெரியாதவர்கள், ஆனால் நாலைந்து பேர் கூடிப் பாடிப்பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறைய மெட்டுகளைச் சேர்க்காதீர்கள். ஒன்றை எடுத்து அதிலேயே தங்குங்கள். நாங்கள் முதன்முதலில் கூடியபோது ஒரே மாலையில் ஐந்து மெட்டு பழகினோம். மறுநாள் காலையில் எங்களில் ஒருவருக்கும் ஒன்றுகூட முழுசாக நினைவில் இல்லை. அடுத்த வாரம் ஒன்றே ஒன்றை எடுத்து நாற்பது நிமிடம் பாடினோம். அந்த மெட்டு இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது தானாக வருகிறது.

இது எங்கே பிறந்தது

பாடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பதினெட்டாம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைனில் இருக்கும் மெஜிபிஷ் என்ற ஊரில் வாழ்ந்தவர் இஸ்ரவேல் பென் எலியேசர். பால் ஷெம் தோவ் என்ற பெயரில் அறியப்பட்டவர். 1760-இல் காலமானார். வேத நூல்களைக் கரைத்துக் குடித்த பண்டிதருக்கு இறைவனிடம் எவ்வளவு நெருக்கம் உண்டோ, எழுத்தறியாத வண்டிக்காரருக்கும் அவ்வளவு உண்டு என்பது அவரைச் சுற்றி எழுந்த ஹசிதிய இயக்கத்தின் உயிர்நாடி. அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று, ஜெபப் புத்தகம் வாசிக்கத் தெரியாத ஒரு சிறுவன் பொறுக்கமுடியாமல் தன் புல்லாங்குழலை எடுத்து ஊதிவிடுகிறான். எல்லாரும் பதறிப்போகிறார்கள். பால் ஷெம் தோவ் மட்டும், நம் எல்லாருடைய ஜெபத்தையும் மேலே தூக்கிச் சென்றது இந்த ஓசைதான் என்று சொல்கிறார். சொல்லே இல்லாத பாட்டுக்கு இந்த மரபில் ஏன் இவ்வளவு மரியாதை என்பது இந்தக் கதையிலேயே இருக்கிறது.

ஹபாத் என்ற ஹசிதியப் பிரிவைத் தொடங்கிய ஷ்நேயூர் சல்மான் (1745–1812) இதை இன்னும் கூர்மையாக்கினார். சொல் இருக்கிற பாட்டு சொல் முடிந்ததும் முடிந்துவிடும், சொல் இல்லாத மெட்டுக்கு முடிவு கிடையாது என்ற கருத்தை அந்த மரபில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

ஹசிதியக் குழுக்கள் ஒவ்வொன்றும் ஒரு ரெபேயின் கீழ் இயங்கின. ரெபே என்பவர் அந்தக் குழுவின் ஆன்மிகத் தலைவர். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி மெட்டுகள், தனித்தனிப் பாணி. போலந்தின் மோஜித்ஸ் குழு இசைக்கென்றே பேர்பெற்றது. இவை எல்லாம் வாய்வழியாகவே பரவின. 1912 முதல் 1914 வரை எழுத்தாளர் அன்ஸ்கி தலைமையில் ஒரு குழு வோலினியா, பொடோலியா பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று மெழுகு உருளைகளில் யூத இசையைப் பதிவு செய்தது. அதற்குப் பிறகு மோஷே பெரெகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் சோவியத் உக்ரைனில் அந்த வேலையைத் தொடர்ந்தார். சொல்லில்லாப் பாட்டுகளை ஒரு தனி வகையாகவே எடுத்துக் குறிப்பெழுதினார். அந்த உருளைகள் கீவ் நகரின் வெர்னாத்ஸ்கி நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் பாடியவர்களின் ஊர்கள் பல இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோயின. மெட்டைச் சரியாகப் பழக வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த மெட்டில் தொடங்குவது

நிகுன்களில் சில வகைகள் உண்டு. மிக மெதுவாக, தாளக்கட்டு தளர்ந்து, உள்ளே இழுத்துச் செல்பவை தெவேகுத் நிகுன்கள். தெவேகுத் என்றால் இறைவனோடு ஒட்டிக்கொள்ளுதல். ஆடுவதற்கான வேகமானவை ஒரு வகை. படை நடைபோல் அணிவகுத்துப் போகிறவை இன்னொரு வகை. ரெபேயின் உணவு மேசையைச் சுற்றிக் கூடுவதைத் திஷ் என்பார்கள். அங்கே பாடுபவை பலவும் நடுத்தர வேகத்தில் இருக்கும்.

புதியவர்கள் நடுத்தர வேகத்தில் உள்ள, இரண்டே பகுதிகள் கொண்ட ஒரு மெட்டை எடுங்கள். வேகமானதில் தொடங்கினால் உற்சாகம் இருக்கும், ஆனால் மெட்டு மனதில் தங்காது. மிக மெதுவானதற்கு மூச்சுப் பழக்கம் வேண்டும்.

சில மெட்டுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஷ்நேயூர் சல்மானின் "அர்பா பாவோத்" நாலு பகுதிகள் கொண்டது. அந்த நாலும் ஆன்மா ஏறிச்செல்லும் நாலு உலகங்களைக் குறிப்பதாக ஹபாத் மரபு சொல்கிறது. திருமணம் போன்ற சிறப்பு நேரங்களில் மட்டுமே அவர்கள் அதைப் பாடுகிறார்கள். பதிவு கிடைக்கிறது என்பதற்காக அதைப் பயிற்சிப் பாட்டாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மோஜித்ஸ் ரெபே இஸ்ரவேல் தௌப் 1913-இல் பெர்லினில் காலை எடுக்கும் அறுவைச் சிகிச்சையின்போது உருவாக்கியதாகச் சொல்லப்படும் "எஸ்கெரா" 36 பகுதிகள் கொண்டது. அதற்குச் சொற்களும் உண்டு. கேளுங்கள், அவசியம் கேளுங்கள். பாடுவதற்குப் பல வருடம் இருக்கிறது.

ஒரு மெட்டைத் தேர்ந்ததும் அதன் கதையையும் தேடித் தெரிந்துகொள்ளுங்கள். ஷமில் நிகுனை எடுத்துக்கொள்வோம். காகசஸ் மலைப்பகுதியில் ரஷ்யப் படைகளை எதிர்த்துப் போராடி, 1859-இல் பிடிபட்ட இஸ்லாமியத் தலைவர் இமாம் ஷமில். சிறைப்பட்ட நிலையில், தன் மலைகளை நினைத்து ஏங்கி அவர் பாடிய பாட்டு என்று ஹபாத் மரபு அதைச் சொல்கிறது. 1958-இல் ஹபாத் பிரிவின் தலைவரான லுபாவிச் ரெபே தம் மக்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தபோது, உடலுக்குள் சிறைப்பட்டுத் தன் இடத்துக்கு ஏங்கும் ஆன்மாவின் பாட்டாக அதை விளக்கினார். இந்தக் கதை தெரிந்தபின் அந்த மெட்டு ஏறும் இடத்தில் உங்கள் குரல் வேறுமாதிரி ஏறும்.

முதல் வாரம் கேட்பதற்கு மட்டும்

கூடுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாரும் ஒரே பதிவைக் கேட்கத் தொடங்குங்கள். ஹபாத் இணையதளத்தில் ஏராளமான பதிவுகள் உண்டு. இசைக்கருவிகள் நிறைந்த மேடைப் பதிவை விட்டுவிட்டு, வெறும் குரல்கள் கேட்கும் பதிவைத் தேடுங்கள். முதியவர் ஒருவர் தனியாகப் பாடியது கிடைத்தால் இன்னும் நல்லது. தினம் இரண்டு மூன்று தடவை போதும். கூடவே பாட வேண்டாம். பகுதிகள் எங்கே பிரிகின்றன, எந்தப் பகுதி திரும்ப வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். பல நிகுன்களில் நாலு பகுதி இருப்பதுபோலத் தோன்றும். உற்றுக் கேட்டால் நாலாவதாக வருவது இரண்டாவது பகுதியேதான். மூன்றாவது உச்சிக்குப் போய்விட்டு, இரண்டாவதன் வழியாகக் கீழே இறங்கும். இந்த வடிவம் பிடிபட்டுவிட்டால் மனப்பாடம் பாதி முடிந்த மாதிரி.

கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி. ஹசிதிய மெட்டுகளில் அடிக்கடி வரும் ஃப்ரைகிஷ் என்ற அளவின் சுரங்கள் நம் வகுளாபரணத்தின் சுரங்களே. மாயாமாளவகௌளையில் காகலி நிஷாதத்துக்குப் பதில் கைசிகி நிஷாதம் வைத்தால் கிடைப்பது அதுதான். மி ஷெபெராக் என்ற இன்னொரு அளவு ஹேமவதியோடு ஒத்துப்போகும். சாதாரண மைனர் அளவு நடபைரவி. ஆனால் ஒற்றுமை சுர இடங்களோடு நின்றுவிடுகிறது. கமகம் போட்டு இழைத்தால் மெட்டின் முகமே மாறிப்போகும். அங்கே நெளிவுக்குப் பதில், கேவல்போல ஒரு சிறு உடைசல் குரலில் வரும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

வகுளாபரணச் சுரங்களில் ஒரு சிறு பயிற்சியை நானே கட்டிவைத்திருக்கிறேன். இது மரபான நிகுன் அல்ல, காது பழக மட்டுமே. நாலு நாலு எண்ணிக்கையாகப் பாடுங்கள். காற்புள்ளி வரும் இடத்தில் முந்தைய சுரத்தை நீட்டுங்கள்.

ச ரி க , | க ம க ரி | ச ரி க ம | ப , , ,
ப த ப ம | க ம க ரி | க ரி ச நி | ச , , ,

இரண்டாம் வரிக் கடைசியில் வரும் நி கீழ் ஸ்தாயி கைசிகி நிஷாதம். அங்கிருந்து ச-வுக்கு ஏறி முடிப்பதில் இந்த அளவின் மணம் முழுக்க இருக்கிறது. சுரப்பெயர் சொல்லி ஐந்து தடவை பாடுங்கள். அப்புறம் சுரப்பெயரை விட்டுவிட்டு "யா-ப-பம்" என்று பாடிப்பாருங்கள்.

உட்காரும் விதம்

ஐந்து பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை நல்ல எண்ணிக்கை. பெரிய கூடத்தை விடச் சின்ன அறை நல்லது. தோளோடு தோள் படும் அளவுக்கு நெருங்கி உட்காருங்கள். இதை யாரும் முதலில் நம்புவதில்லை, ஆனால் இடைவெளி இரண்டு அடி கூடினாலே ஒவ்வொருவரும் தன் குரலை மட்டும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவரின் மூச்சு கேட்டால்தான் எங்கே மூச்சு விடுவது என்று கூட்டமே தெரிந்துகொள்ளும். நடுவில் ஒரு மேசை இருந்தால் மெல்லத் தட்டித் தாளம் வைக்கலாம். காகிதம் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். கண் கீழே பார்த்தால் காது மூடிக்கொள்ளும்.

சுருதி

புதுக் குழுக்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். நிகுனின் முதல் பகுதி தாழ்வாக, வசதியாகத் தொடங்கும். உற்சாகத்தில் உயர்ந்த சுருதியில் எடுத்துவிட்டால், மூன்றாம் பகுதி வரும்போது பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் தொடங்குபவர் முதலில் மெட்டின் உச்சியைத் தனக்குள் மெதுவாகப் பாடிப்பார்க்க வேண்டும். அந்த உச்சி சிரமமில்லாமல் வந்தால் அப்படியே தொடக்கத்துக்கு இறங்கி வந்து எடுக்கலாம். ஆண்களும் பெண்களும் கலந்த குழுவுக்கு ஒன்றரை, இரண்டு கட்டையில் தொடங்கிப் பாருங்கள். அவரவர் குரலுக்கு ஏற்ற ஸ்தாயியில் பாடிக்கொள்ளலாம்.

அசைகள்

எந்த அசை எந்த இடத்தில் என்று கண்டிப்பான விதி கிடையாது. ஆனால் பழகியவர்கள் பாடும்போது ஒரு ஒழுங்கு தெரியும். தாளம் அழுத்தமாக விழும் இடத்தில் "பம்", "பிம்" போன்ற உதடு சேரும் ஒலிகள் வரும். நீளும் சுரத்தில் "யா", "ஆய்". வேகமாக ஓடும் இடத்தில் "தி-தி-தாய்", "நா-நா". முதல் சில வாரம் தொடங்குபவர் பாடும் அசைகளையே எல்லாரும் பாடுங்கள், குரல்கள் சீக்கிரம் ஒட்டும். பிறகு அவரவர் வாய் தனக்குரியதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். வெறும் "லா-லா" மட்டும் பாடுவதைத் தவிர்க்கப் பாருங்கள். தாளம் அதில் வழுக்கிக்கொண்டு போகிறது.

சுற்றுகள்

இனி பாடுவோம். தொடங்குபவர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் மெட்டு நன்றாகத் தெரிந்த இன்னொருவர். ஆரம்பத்தில் இந்த இரண்டு பேர் போதும்.

முதல் சுற்றைத் தொடங்குபவர் தனியாக, தொடக்கம் முதல் கடைசி வரை பாடட்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்கலாம். இரண்டாம் சுற்றில் மற்றவர்கள் வாய் திறக்காமல் "ம்ம்" என்று முனகட்டும். மூன்றாம், நாலாம் சுற்றுகளில் தெரிந்த இடங்களில் சேர்ந்துகொண்டு, தெரியாத இடங்களில் முனகலுக்குத் திரும்புங்கள். துண்டு துண்டாக நிறுத்தி, "இந்த வரியை மறுபடி பாடுவோம்" என்று பாடம் நடத்த வேண்டாம். தவறு வரும், வரட்டும். அடுத்த சுற்று அதைத் திருத்திவிடும்.

ஐந்தாம், ஆறாம் சுற்றுகளில் எல்லாருக்கும் மெட்டு வந்துவிட்டது என்று தோன்றும். அப்போது ஒரு சலிப்பு வரும். "சரி, போதும், அடுத்த பாட்டுக்குப் போகலாம்" என்று யாராவது நினைப்பார்கள். தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். அதுவரை மனம் மெட்டை நினைவில் வைக்கும் வேலையில் இருந்தது. அந்த வேலை முடிந்ததால்தான் சலிப்பு வருகிறது. இன்னும் நாலைந்து சுற்று போனால், நினைவு வைக்கிற பாரம் இல்லாமல் பாடத் தொடங்குவீர்கள். பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்கும். ஒரு சுற்று தானாகத் தாழ்ந்து முணுமுணுப்பாகும், அடுத்தது தானாக எழும்பும். யாரும் சைகை காட்டியிருக்கமாட்டார்கள். நான் இந்தப் பாட்டுக்கு ஆட்பட்டது இந்தப் பத்தாவது சுற்றில்தான்.

வேகத்தை மட்டும் கவனியுங்கள். கூட்டமாகப் பாடும்போது வேகம் தானாக ஏறும். மெதுவான நிகுன் ஓடத் தொடங்கினால் தொடங்கியவர் குரலை உயர்த்த வேண்டாம். மேசையில் பழைய வேகத்தில் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்தையும் கொஞ்சம் நீட்டினால் போதும், கூட்டம் திரும்பி வரும். ஆடும் மெட்டில் வேகம் ஏறுவது இயல்பு. அதைத் தடுக்காதீர்கள்.

இரண்டாம் குரல் சேர்க்க விரும்பினால் எட்டுச் சுற்றாவது கடக்கட்டும். ஆரம்பத்தில் ஒருவர் ச-வையோ ப-வையோ மட்டும் தம்புராபோலப் பிடித்தால் போதும்.

சுருதி சேராத ஒருவர் குழுவில் இருப்பார். அவரைத் திருத்த வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். நிலையான குரல் உள்ள இருவருக்கு நடுவில் அவரை உட்கார வையுங்கள். பிராஸ்லாவ் ஊரின் ரெபே நக்மன் (1772–1810) ஒரு போதனையில் சொல்கிறார்: ஒவ்வொரு மனிதரிடமும், தன்னிடமும்கூட, ஏதாவது ஒரு சிறு நல்ல புள்ளியைத் தேடி எடுக்க வேண்டும். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போதுதான் மெட்டுகள் உருவாகின்றன. அவர் உலகத்தில் மெட்டு என்பதே அப்படித்தான் பிறக்கிறது.

நிறுத்துவது

எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்கியவர் முடிவு செய்யட்டும். கடைசிச் சுற்றைக் கொஞ்சம் மெதுவாக்கினாலே மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். முடிந்ததும் கைதட்டாதீர்கள், "அருமை" என்று சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். மெட்டு நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு நிமிடத்தையும் பாட்டில் சேர்த்தே கணக்கிடுங்கள்.

யூத வீட்டு மேசைக்கு அழைப்பு வந்தால்

பதிவில் கேட்பதைவிட, பாடுகிறவர்கள் நடுவே உட்கார்ந்து கற்பது எத்தனையோ மடங்கு மேல். ஷபாத் என்னும் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் நேரத்தில் தொடங்கி, சனிக்கிழமை இருட்டியபின் முடியும். அதன் உணவு வேளைகளில் பாடல்கள் இருக்கும். சனிக்கிழமை சாயங்கால மூன்றாம் உணவு வேளையில்தான் மிக மெதுவான நிகுன்கள் வரும். வெளிச்சம் குறையக் குறைய விளக்குப் போடாமல் பாடுவார்கள். ஓய்வுநாள் பிரிகிற வருத்தம் அந்த மெட்டுகளில் இருக்கும்.

ஆசாரமான வீடுகளில் ஷபாத் அன்று கைப்பேசியைத் தொடமாட்டார்கள், பதிவு செய்யமாட்டார்கள், இசைக்கருவி வாசிக்கமாட்டார்கள். நீங்களும் கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்துவிடுங்கள். அவர்களில் பெரும்பாலோரிடம், பெண் பாடுவதை மற்ற ஆண்கள் கேட்கக்கூடாது என்ற விதி உண்டு. அங்கே பெண்கள் தனியாகக் கூடிப் பாடுவார்கள். சீர்திருத்த யூதக் குழுக்களிலும் வேறு பல ஜெப ஆலயங்களிலும் எல்லாரும் சேர்ந்தே பாடுவார்கள். அழைத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. முதல் முறை போகும்போது கேட்பதற்கென்றே போங்கள். சேர்ந்து பாடச் சொன்னால் தாழ்ந்த குரலில் சேர்ந்துகொள்ளுங்கள். நமக்கு அது இசையாகத் தோன்றினாலும் அவர்களுக்கு அது ஜெபம்.

உங்கள் சொந்தக் குழுவிலும், பாடுவதற்கு முன் அந்த மெட்டு யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஹசிதிம்களும் இதைச் செய்கிறார்கள். அவர்கள் மேசையில் ஒரு மெட்டின் கதை சொல்லப்பட்ட பிறகே அது பாடப்படுவது உண்டு.

அடுத்தடுத்த வாரங்கள்

வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் போதும். இரண்டாம் வாரமும் அதே மெட்டுதான், ஆனால் வேறொருவர் தொடங்கட்டும். தொடங்கும்போதுதான் ஒருவருக்கு மெட்டு உண்மையில் தெரிகிறதா என்று தெரியும். நடுவில் மறந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எடுத்துக் கொடுக்கலாம். சுருதியை மேலே போட்டுவிட்டால் நிறுத்தி, சிரித்துக்கொண்டே கீழே இறக்கித் திரும்பவும் எடுக்கலாம். குழுவில் எல்லாரும் ஒரு முறையாவது தொடங்கிய பிறகு, ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து, இரண்டாவது மெட்டைத் தேடத் தொடங்குங்கள். இந்தத் தடவை மூன்று பகுதி உள்ளதாக, கொஞ்சம் மெதுவானதாக எடுக்கலாம். அதைப் பழகும் மாலையிலும் முதல் பத்து நிமிடம் பழைய மெட்டுக்குக் கொடுங்கள்.